பிரதாப்பைத் தேடும் மணி

ராபர்ட்சன்பேட்டை கம்ப்யூட்டர் சென்டர் ஒன்றில், 2000-இல் பிரதாப்பும் ஷைலாவும் விண்வெளிச் சண்டை விளையாட்டு தயாரித்தார்கள். தன்னைத் தானே 'சீஃப் டிசைனர்' ஆக்கிக்கொண்ட பிரதாப், விளையாடுபவரைத் துரத்தும் ஏவுகணையைக் கண்ணுக்குத் தெரியாமல் செய்தான்.

"தெரியாம வந்து அடிச்சா இன்னா நியாயம்பா?" என்ற ஷைலா, அது நெருங்க நெருங்க வேகமாக அடிக்கும் மணி ஒன்றைச் சேர்த்தாள்.

மறுநாள் விளையாட்டைத் தொடங்கும் முன்பே மணி அடித்தது. பிரதாப் புரோகிராமிலிருந்து ஏவுகணையையே அழித்தான். மணி நிற்கவில்லை. அவன் வாசலுக்குப் போனால் மெதுவானது. திரும்பி வந்தால் வேகமெடுத்தது.

"சீஃப் டிசைனரைப் பாக்கணுமாம்" என்று ஷைலா சிரித்தாள்.

அவன் சிரிக்கவில்லை. கோலார் பேருந்தில் ஏறிப் போய்விட்டான். மணி ஏறக்குறைய அடங்கியது. ஷைலா டீ வாங்கி வந்தாள்.

அதைக் குடிப்பதற்குள் மணி மறுபடி வேகம் பிடித்தது. கம்ப்யூட்டரை அணைக்கக் கை நீட்டிய ஷைலா வாசலைத் திரும்பிப் பார்த்தாள்; பிரதாப் திரும்பி வந்திருக்கவில்லை. மணி இடைவெளியே இல்லாமல் அடித்தபோது, அவன் ஏறிய பேருந்து வழியிலுள்ள பங்காரப்பேட்டையைக்கூடத் தாண்டியிருக்காது.