கடிகாரத்துக்குப் பிந்தும் இதயம்

ஸ்கேன் அறைச் சுவர்க் கடிகாரம் ஒருமுறை டிக் என்பதற்குள் இரண்டுமுறை துடிக்க வேண்டிய வயிற்றுப் பிள்ளையின் இதயம், அந்த ஒரு டிக்குக்கும் பிந்திப் பிந்தி வருகிறது. மூட்டை தூக்குகிற கணவன், வியர்வை காயாத சட்டையோடு, துடிப்பு கேட்கும் ஸ்பீக்கரைப் பார்த்துச் சிரித்து, கட்டிலில் படுத்திருக்கும் மனைவியிடம் சொல்கிறான். "என்ன நிதானம் பாரு! உன்னை மாதிரி அவசரக்குடுக்கை இல்ல." டாக்டர் சிரிக்கவில்லை. "உங்க கைகாலை வீங்க வைக்குற அதே நோய்தாம்மா. உங்க ரத்தத்துல இருந்து போயி, பிள்ளையோட இதயத்தைத் துடிக்கச் சொல்ற நரம்பையே அரிச்சிடுச்சு. இனி சரியாகாது. அதோட நெஞ்சுல நீரும் கோத்துக்கிச்சு." சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவன் தலைத்துண்டைப் பிசைகிறான். "என்கிட்டேர்ந்து இப்பவே வெளிய எடுத்திட முடியாதா டாக்டர்?" என்கிறாள் அவள். "அஞ்சு மாசந்தானேம்மா ஆகுது. இப்ப எடுத்தா பிழைக்காது." ஸ்கேனுக்குத் தடவிய பசை காயாத வயிற்றின்மேல் வைத்திருந்த கையை அவள் மெல்ல எடுத்து, கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொள்கிறாள்.