பத்தாயிரத்து ஒன்பது

குவாங் திரி மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் போர்வீரர் கல்லறைத் தோட்டத்தில் எழுபத்திரண்டு வரிசைகள். வரிசைக்கு நூற்று முப்பத்தொன்பது கல்லறை. மொத்தம் 10,008. காவலாளி நான்தான், என் எண்ணிக்கை ஒருநாளும் தப்பியதில்லை.

ஜூலையில் தியாகிகள் நாளன்று பள்ளிப் பிள்ளைகள் கல்லறைக்கு ஒன்றாக ஊதுபத்தி செருகுவார்கள். நான்தான் எண்ணிக் கொடுப்பேன். இந்த வருடம் ஒன்று குறைந்தது.

கணக்கு டீச்சர் தூயெத் பிள்ளைகளை விட்டுக் கல்லறைகளை மறுபடி எண்ண வைத்தாள். 10,009. வரிசைகளையும் பார்த்தாள். அதே எழுபத்திரண்டு, ஒவ்வொன்றிலும் அதே நூற்று முப்பத்தொன்பது.

"அதெப்படி பெரியப்பா? 10,009 பகா எண். எதாலயும் வகுபடாது. ரெண்டு வரிசையாக்கூட சமமா நிறுத்த முடியாது."

"அப்ப எப்படித்தான் நிறுத்துறது?"

"ஒரே வரிசையா, ஒருத்தர் பின்னால ஒருத்தர். வேற வழியே இல்ல."

"சண்டைக்காலத்துல காட்டுல அப்படித்தானே நடந்தோம். கடைசி ஆளு நான். எல்லாரும் இருக்காங்களான்னு எண்ணுறது என் வேலை."

"அப்ப உங்களையும் சேத்து எண்ணிட்டோமோ என்னமோ!" என்று சிரித்தாள்.

மறுநாள் காலையில் வாசற்கதவைத் திறந்தேன். கல்லறைகள் அப்படியே இருந்தன. வாசலிலிருந்து மலைவரை ஈரப்புல் மிதிபட்டு, புதிதாக ஓர் ஒற்றையடிப் பாதை விழுந்திருந்தது. அதன் செம்மண்ணில் டயர் செருப்புத் தடங்கள். போரில் நாங்கள் எல்லோரும் போட்டிருந்தது அந்தச் செருப்புதான்.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். இருபது வருடமாக ஆணியில் தொங்கும் என் டயர் செருப்பில் செம்மண் இன்னும் காயவில்லை.