அலமாரி மேல் இருந்த சர்வர்

ஆம்புலன்ஸ்களுக்கு வழி சொல்லும் வரைபடச் சேவை ஒரு வெளி நிறுவனத்துடையது. அது இயங்குகிறதா என்று ஓயாமல் கேட்டுப் பார்க்க, ஆம்புலன்ஸ் அலுவலகத்தின் புரோகிராமர் ஒரு சின்ன நிரல் எழுதி வைத்திருந்தாள். பதில் தவறாமல் வந்துகொண்டிருந்தது. அந்த நிறுவனத்தையே போன மாதம் இழுத்து மூடிவிட்டார்கள் என்று தெரிந்ததும் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அங்கே வேலை பார்த்த பொறியாளரைப் போனில் பிடித்தாள்.

"அந்தச் சேவை ஓடிட்டிருந்த சர்வர் பெட்டியை நான்தாம்மா கழட்டிட்டு வந்தேன். வீட்டுல அலமாரி மேல கெடக்கு. கரண்டே குடுக்கல," என்றார் அவர்.

"ஒரு நிமிஷம் சார், இப்ப கேட்டுப் பாக்கறேன்."

பொத்தானை அழுத்தினாள். ‘இயங்குகிறது’ என்று திரையில் வந்தது. போனில் அவர் மனைவியின் குரல் கேட்டது.

"என்னங்க, அந்தப் பெட்டியில பச்சை லைட் எரியுது."

அன்றே அவள் வேறு சேவைக்கு மாறினாள். ஆம்புலன்ஸ்கள் தடங்கலில்லாமல் ஓடின. பழைய நிரலை அடியோடு அழித்தாள். மறுநாள் மதியம் பொறியாளரே கூப்பிட்டார்.

"இன்னுமாம்மா கேட்டுக்கிட்டிருக்கீங்க? லைட் விட்டு விட்டு எரியுது. என் வீட்டுக்காரி அந்த ரூமுக்குள்ளயே போக மாட்டேங்கிறா."

"நான் நேத்தே நிறுத்திட்டேன் சார்."