நாற்பத்தொரு சதவீதம்

செவிலியர் கல்லூரி முதல்வர் கிளாடிஸ், செண்பகவல்லியின் மதிப்பெண் பட்டியலை அழுக்குத் துணியைத் தூக்குவதுபோல் இரண்டு விரலால் பிடித்திருந்தார். வேதியியல் பட்டம், நாற்பத்தொரு சதவீதம்.

"இந்த மார்க்க வச்சிக்கிட்டு நர்ஸ் ஆகப் போறியா? பெட்பேன் கழுவத்தான் நீ லாயக்கு."

"நாலு வருஷமா பெரியாஸ்பத்திரியில அதத்தான் கழுவுறேன் மேடம். உங்க ரேங்க் பிள்ளைங்க ட்ரெய்னிங்குக்கு வந்தா, மூக்கப் பொத்திக்கிட்டு வெளிய ஓடுதுங்க."

கிளாடிஸ் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். பிளீச்சிங் பவுடரில் வெடித்திருந்த அவள் விரல்களையும் பார்த்தார். முகத்தில் இளக்காரம் கொஞ்சமும் குறையவில்லை. விண்ணப்பத்தில் கையெழுத்தைக் கிறுக்கி மேசைமேல் தள்ளிவிட்டார்.

"திங்கக்கிழமை வந்து சேரு. இந்த வாய வீட்டுல வச்சிட்டு வா."

செண்பகவல்லி தாளை எடுத்துக்கொண்டாள்.

"வாயும் கூடத்தான் வரும் மேடம்."