கரையில் இருமாத எஞ்சின்

நடுக்கடலில் அந்த மரப்படகின் பழைய எஞ்சின் இருமும், கரும்புகை கக்கும், சில நாள் நின்றே போகும். கரைக்கு வந்து மெக்கானிக் முன்னால் ஓடச் சொன்னாலோ, நல்ல பிள்ளையாக முனகாமல் ஓடும். பிரித்துப் போட்டுவிடுவார்களோ என்று அதற்கு அவ்வளவு பயம்.

"கோளாறே பிடிபடலை. நாளைக்குக் கடைசியா ஒரு தடவை பாருங்க. இல்லைன்னா பழைய இரும்புக்குப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடறேன்" என்று மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டுப் போனார் படகுக்காரர்.

மரப்படகு சிரித்தது. "தம்பி, உன் நடிப்பு பிரமாதம். அதுதான் உன்னை இரும்புக் கடைக்கு அனுப்புது."

"பிரிச்சா வலிக்குமே, அக்கா. திரும்பச் சேருவேனான்னு யாருக்குத் தெரியும்?"

"வருஷா வருஷம் என் பலகை இடுக்கெல்லாம் கிண்டிப் பஞ்சு அடைக்கிறாங்களே, எனக்கு மட்டும் இனிக்குதா? ஒழுகுற இடத்தை ஒழுகிக் காட்டுறேன். அதனாலதான் மிதக்குறேன்."

மறுநாள் காலை மெக்கானிக் கயிற்றைச் சுற்றி இழுத்தார். எஞ்சின் ஒரு கணம் தயங்கியது. பிறகு, இத்தனை காலம் அடக்கிவைத்த இருமலையெல்லாம் அவர் முகத்துக்கு நேரே இருமித் தீர்த்தது.

"அட, இங்கதான் இருக்கியா!" கரி அப்பிய முகத்தைத் துடைத்துக்கொண்டு, சாக்கை விரித்து, ஸ்பேனரை எடுத்தார் அவர்.

முதல் போல்ட் கழன்றது.

"வலிக்குதா தம்பி?" என்றது படகு.

"வலிக்குது" என்றது எஞ்சின், முதல் தடவையாக.