வெள்ளிக்கிழமைக் குறை

வெள்ளிக்கிழமைதோறும் அந்த வார வேலையை அலசும் ரெட்ரோ மீட்டிங்கில் எங்கள் டீம் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். திங்களுக்குள் ஆபீஸை நடத்தும் சிஸ்டம் அதைச் சரிசெய்துவிடும். குறையே இல்லை என்றால் ஏற்காது. அதனால் ஏ.சி. குளிர், கதவுச் சத்தம் என்று அற்பமானவற்றையே சொல்லி ஒப்பேற்றி வந்தோம்.

புதிதாகச் சேர்ந்த நிலவரசி உண்மையைச் சொல்லிவிட்டாள். "காலை மீட்டிங் ரொம்ப இழுக்குதுங்க."

எங்களில் திக்கிப் பேசுபவன் இளஞ்சேரன் மட்டும்தான். அவன் பக்கம் யாரும் திரும்பவில்லை.

திங்களன்று மீட்டிங் சீக்கிரம் முடிந்தது. இளஞ்சேரனின் நாற்காலி அங்கே இல்லை. அவன் எண் உபயோகத்தில் இல்லை என்றது போன்.

அடுத்த வெள்ளி நிலவரசியே முந்திக்கொண்டாள். "காபில சர்க்கரை கம்மிங்க."

"அது முன்பே சரிசெய்யப்பட்டது," என்றது சிஸ்டத்தின் ஸ்பீக்கர். "வேறு?"

எனக்கு இருமல் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன்.