திரும்பி வரும் குட்டிக் கப்பல்

ராக்கெட் வெடி லேபிளுக்காகப் பட்டாசு ஆபீஸ் முதலாளி ஒரு வெளிநாட்டுப் பத்திரிகைப் படத்தைக் கொடுத்தார். அமெரிக்க டெலிவிஷனில் வரும் பெரிய விண்கப்பல் அது. அதன் வயிற்றிலிருந்து குட்டிக் கப்பலொன்று வெளியே போகிறது.

ஓவியர் ராஜசிங் அதை அச்சுக்கல்லில் வரைந்தான். அச்சில் நேராக விழ, கல்லில் எல்லாவற்றையும் இடம் வலம் மாற்றித்தான் வரைய வேண்டும். குட்டிக் கப்பலை மட்டும் மாற்ற மறந்துவிட்டான். அச்சான லேபிளில் அது பெரிய கப்பலுக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தது.

“இந்த லோடு போகட்டும். அப்புறம் கல்லைத் திருத்திருலே” என்றார் முதலாளி.

எம். புதுப்பட்டியில் அந்த ராக்கெட்டுகளுக்கு லேபிள் ஒட்டுகிறவள் வள்ளித்தாய். அவள் புருஷன் சங்கிலிமுத்து போன சீசனில் பட்டாசு ஆபீஸ் வெடிமருந்து அறை வெடித்துச் செத்தவன். அவள் ஒட்டிய லோடு ஏறிய சாயங்காலம், செத்த சங்கிலிமுத்தே வீட்டுக்கு வந்தான்.

“சாப்பிட்டீகளா?”

இல்லையென்று தலையசைத்தான். கும்பாவில் கஞ்சி ஊற்றினாள். இடது கன்னத்துத் தழும்பு இப்போது வலது கன்னத்தில் இருந்தது. இடது கையால் அள்ளிச் சாப்பிட்டான். அவள் தண்ணீர்ச் சொம்பை அவனுக்கு இடப்பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

மறுநாள் ராஜசிங் புது லேபிள் கட்டோடு அவள் வீட்டுக்கு வந்தான்.

“கப்பலைத் திருப்பிட்டேன்க்கா. இனி இதத்தான் ஒட்டணும்.”

லேபிளில் குட்டிக் கப்பல் வெளியே போய்க்கொண்டிருந்தது. வள்ளித்தாய் உள்ளே படுத்திருந்த புருஷனை ஒருமுறை பார்த்துவிட்டு, பசையைத் தொட்டு ஒட்டத் தொடங்கினாள்.